ஷிஃப்ட் வீட்டில் நாய்ப் பயிற்சி

வீட்டு நாயைப் பற்றிய புகார்கள் எங்கு போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது, கையைக் கடிக்கிறது, செருப்பைக் குதறுகிறது, வருகிறவர் மேல் தாவுகிறது, ஓயாமல் குரைக்கிறது, கயிற்றை இழுக்கிறது, வண்டியைத் துரத்துகிறது, வெடிச் சத்தத்துக்கு நடுங்குகிறது, தட்டருகே போனால் உறுமுகிறது. திருவள்ளூர், காக்களூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வீடு வீடாகப் போய்ப் பயிற்சி தருகிறவர் காதில் விழுவதும் இவைதான்.

இந்தப் பக்கத்துக்கென்று ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. சிப்காட், சிட்கோ வளாகங்களை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறு வாரம் மதியம், அதற்கடுத்த வாரம் இரவு. போன வாரம் விடியற்காலையில் நாயை வெளியே கூட்டிப் போனவர் இந்த வாரம் அதே நேரத்தில் கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார். இரவு வேலை வாரத்தில் பகலெல்லாம் தூங்குகிறார். வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது, நாயும்தான். நாயின் வயிறும் சிறுநீர்ப்பையும் ஷிஃப்ட் மாறுவதில்லை. புகார்கள் பலவற்றின் வேர் இங்கே இருப்பதால் பயிற்சியையும் நாயிடமிருந்து தொடங்காமல் வீட்டின் நேரப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முதலில் மருத்துவர்

பழக்கத்தில் திடீர் மாற்றம் தெரிந்தால் பயிற்சியைத் தள்ளி வைத்துவிட்டு நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். வருடக்கணக்காக ஒழுங்காக வெளியே போய்க்கொண்டிருந்த நாய் கூடத்தில் சிறுநீர் கழித்தால் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். தலையைத் தொட்டதும் உறுமினால் காதில் புண் இருக்கலாம். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் சோர்ந்து படுக்கும், எழுப்பினால் எரிந்து விழும். இவற்றை எந்தப் பயிற்சியும் தீர்க்காது.

‘கூப்பிட்டால் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை’ என்று வரும் வெள்ளை ராஜபாளையம் விஷயத்தில் முதலில் சோதிக்க வேண்டியது செவியை. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. நாய் வேறு பக்கம் பார்க்கும்போது பின்னாலிருந்து கை தட்டினால் ஓரளவு தெரிந்துவிடும். காது கேட்காத நாய்க்குக் கைச் சைகையில் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கலாம்.

உள்ளூர் அரசு கால்நடை மருத்துவமனையில் தீராததற்கு மாதவரம் பால்பண்ணை வளாகமோ, 1903 முதல் இயங்கும் வேப்பேரி சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையோ இந்தப் பகுதிக்கு எட்டும் தூரம்தான். வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டியின் மூன்றாம் மாதத்தில் போட்டு, மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும் தொடர வேண்டும்.

கூலி கிடைக்கும் வேலை

எந்தச் செயலுக்குக் கூலி கிடைக்கிறதோ அந்தச் செயலை நாய் திரும்பச் செய்யும்; கூலி நின்றால் விட்டுவிடும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் பூனைகளைக் கூண்டுப் பெட்டியில் அடைத்து, அவை தாழைத் திறந்து வெளியே வரக் கற்பதைக் கவனித்து 1898இல் எழுதியதும் இதைத்தான். தொல்லை என்று சொல்லப்படும் ஒவ்வொரு செயலிலும் தேட வேண்டியது, அதற்குக் கூலி யார் தருகிறார்கள் என்பது. தாவும் நாய்க்கு ‘ச்சீ, இறங்கு’ என்று தள்ளிவிடும் கையே கூலி. சாப்பாட்டு நேரத்தில் குரைக்கும் நாய்க்கு வாயை அடைக்கப் போடும் அப்பளத் துண்டு கூலி. கூலி தருகிறவர் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

சிகிச்சை இரண்டு பகுதி: தப்பான செயலுக்குப் போகும் கூலியை நிறுத்துவது, அந்த இடத்தில் செய்ய வேண்டிய வேறொரு செயலைக் கற்றுக்கொடுத்து அதற்குத் தாராளமாகக் கொடுப்பது. முதல் பகுதியை மட்டும் செய்கிற வீடுகளே அதிகம். அங்கே நாய்க்கு என்ன செய்யக் கூடாது என்று தெரியும், என்ன செய்வது என்று தெரியாது.

இரண்டு எச்சரிக்கைகள். கூலியை நிறுத்திய முதல் சில நாள்களில் தொல்லை கூடும். இதுவரை பத்துக் குரைப்பில் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லை என்பதால் நாய் முப்பது முறை குரைத்துப் பார்க்கும். அந்த முப்பதாவது குரைப்பில் யாராவது மனமிரங்கினால், முப்பது முறை குரைக்க வேண்டும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அடுத்தது அடி. அடித்தால் அந்த நிமிடம் நின்றுவிடும் என்பது உண்மை. அதோடு அடித்தவர் இல்லாத நேரத்தில் செய்யவும், கை ஓங்கினால் கடிக்கவும் சேர்த்தே நாய் பழகும்.

‘நான்தான் முதலாளி என்று காட்ட வேண்டும்’ என்று நாயைத் தரையில் புரட்டி அழுத்துவது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. கூண்டில் ஒன்றாக அடைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்விலிருந்து வளர்ந்த எண்ணம் அது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது தாய் தகப்பனும் குட்டிகளுமாக வாழும் ஒரு குடும்பமே என்று டேவிட் மெக் 1999இல் விளக்கினார். வீட்டு நாய்க்கு அந்தப் பழைய கணக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

ஐந்து அடிப்படைப் பாடங்கள்

உட்கார், இரு, வா, விடு, உன் இடத்துக்குப் போ. இந்த ஐந்தும் தெரிந்த நாயிடம் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம். பாடம் ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு வேளை போதும். அரை மணி நேரம் இழுத்தால் நாயும் சலிக்கும், ஆளும் சலிப்பார்.

உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்த கோழியை வேர்க்கடலை அளவுக்கு நறுக்கிக்கொள்ள வேண்டும். ஒரு துண்டை விரல் நுனியில் பிடித்து நாயின் மூக்கருகே காட்டி, மெல்ல மேலே தூக்கித் தலைக்குப் பின்பக்கமாக நகர்த்த வேண்டும். மூக்கு துண்டைத் தொடர்ந்து மேலே போகும்போது பின்பாகம் தானாகத் தரையில் படியும். படிந்த அந்த நொடியில் ‘சபாஷ்’ என்று சொல்லி வாயில் கொடுக்க வேண்டும். மூன்று நொடி தாமதித்தால் அதற்குள் நாய் எழுந்திருக்கும். கூலி எழுந்ததற்குப் போய்ச் சேரும். சில முறை சரியாக அமர்ந்த பிறகே ‘உட்கார்’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். துண்டுகளைக் கணக்கிட்டு அன்றைய சாப்பாட்டில் குறைத்துவிட்டால் நாய் பெருக்காது.

ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரே நாயிடம் பாட்டி தெலுங்கிலும், அப்பா தமிழிலும், பிள்ளைகள் ஆங்கிலத்திலும், மாடி வீட்டு வாடகைக்காரர் இந்தியிலும் பேசுவது சாதாரணம். எந்த மொழியானாலும் நாய்க்கு ஒன்றுதான். ஒரு செயலுக்கு ஒரே சொல்லாக இருந்தால் போதும். ஐந்து சொற்களையும் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுவது நல்லது.

வீட்டுக்குள் அசுத்தம்

குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால், பகலில் அது அடக்கிக்கொள்ளக்கூடிய அதிகபட்ச மணி நேரம் ஏறக்குறைய தெரியும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட கால் மணிக்குள்ளும் தனியாகக் கூட்டிப் போக வேண்டும். எப்போதும் ஒரே இடம். போய் முடித்ததும் அங்கேயே பரிசு. வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் அது வீட்டுக்குள் வந்ததற்கான பரிசு.

ஷிஃப்ட் வீட்டில் பொறுப்பை ஆளுக்குக் கொடுக்காமல் மணிக்குக் கொடுக்க வேண்டும். வளர்ந்த நாய்க்குக் காலை ஐந்தரை, பிற்பகல் ஒன்று, மாலை ஆறு, இரவு பத்து என்று நேரம் மாறாமல் நிற்கும். அந்த வாரம் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் கூட்டிப் போவார். சாப்பாட்டு நேரமும் அப்படியே. வேளைக்குச் சாப்பிட்டால் வேளைக்குப் போகும்.

உள்ளே போய்விட்டால் மூக்கைப் பிடித்துத் தேய்ப்பதில் பயனில்லை. ஆள் இருக்கும்போது போகக் கூடாது என்று புரிந்துகொண்டு கட்டிலுக்கு அடியில் போகத் தொடங்கும். சோப்புத் தூள் தண்ணீரால் கழுவி, தண்ணீர் கலந்த வினிகரால் துடைத்தால் வாசனை போகும்; வாசனை இருக்கும்வரை அதே இடத்தைத் தேடி வரும். ஃபினாயில் ஊற்றிய தரையில் நடந்துவிட்டு நாய் பாதத்தை நக்கும், அது உடம்புக்குக் கெடுதல்.

கடியும் குதறலும்

தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் எட்டு வாரம் இருந்த குட்டி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று அங்கேயே கற்றுக்கொள்கிறது. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்த 2017ஆம் ஆண்டு மத்திய விதிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கு முன்பே வந்த குட்டியின் கடி அழுத்தமாக இருக்கும். பல் கையில் பட்டதும் விளையாட்டை நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் திரும்பி நிற்க வேண்டும். மீண்டும் தொடங்கும்போது கைக்குப் பதில் முறுக்கிய துணியைக் கொடுக்க வேண்டும்.

நான்கு முதல் ஆறு மாதம் வரை பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்கும், ஈறு ஊறும். ஈரத் துணியை முடிச்சிட்டு ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், குளிர்ந்த கேரட் கொடுக்கலாம். பிரியாணியில் மிஞ்சிய எலும்பு வேண்டாம்; வெந்த எலும்பு கூரான சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். செருப்பு ராக்கை மூடிவைப்பதே பாதிப் பயிற்சி. தோலும் வியர்வையும் கலந்த சேஃப்டி ஷூ நாய்க்கு விருந்து. எண்ணெயும் ரசாயனமும் படிந்த கையுறை, சீருடை இரண்டையும் கடிக்க விடுவது ஆபத்து என்பதால், வேலை முடிந்து வந்ததும் அவற்றை நாய்க்கு எட்டாத உயரத்தில் மாட்ட வேண்டும்.

தாவுதல்

பன்னிரண்டு மணி நேரம் கழித்து வருகிறவர் மேல் தாவுவது நாய்க்கு வரவேற்பு. வயதானவருக்கு அது இடுப்பெலும்பு முறிவு. முன்னங்கால் தரையை விட்டு எழுந்ததும் முகத்தைத் திருப்பி, பேசாமல், தொடாமல் நிற்க வேண்டும். நான்கு காலும் தரையில் பட்டதும் குனிந்து தடவிக் கொடுக்க வேண்டும். சில நாளில் ‘உட்கார்’ சேர்த்துவிட்டால், கேட் திறந்ததும் உட்காருவதே பழக்கமாகும். விடுமுறைக்கு வரும் மாமா ‘பரவாயில்லை, எனக்குப் பிடிக்கும்’ என்று ஒரு முறை தாவவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எப்போதாவது கிடைக்கும் கூலியைத்தான் எந்த விலங்கும் விடாப்பிடியாக எதிர்பார்க்கும்.

குரைத்தல்

குரைப்பது ஒரே நோய் இல்லை, பல நோய்க்கு ஒரே அறிகுறி. கேட்டருகே வருகிறவரைப் பார்த்துக் குரைப்பது ஒன்று. எதையாவது கேட்டுக் குரைப்பது இன்னொன்று. கட்டிப் போட்ட நாய் பொழுது போகாமல் குரைப்பது மூன்றாவது. தனிமை தாங்காமல் குரைப்பது நான்காவது.

கேட் குரைப்பு வளர்வது எப்படி என்று கேன் தண்ணீர் போடுகிறவரை வைத்துப் பார்க்கலாம். அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, கேனை வைத்துவிட்டு அவர் போய்விடுகிறார். கேனை வைக்கத்தான் வந்தார் என்று நாய்க்குத் தெரியாது; தான் குரைத்ததால் ஓடிவிட்டார் என்பது அதன் கணக்கு. வாரம் இரண்டு முறை வெற்றி. கூரியர், கேஸ் சிலிண்டர், பால் என்று தினமும் வெற்றி. வீட்டுக்காரர் உள்ளேயிருந்து ‘ஏய், சும்மா இரு’ என்று கத்தினால் தனக்குத் துணையாக அவரும் குரைக்கிறார் என்றே நாய் எடுத்துக்கொள்ளும்.

கிரில் கேட்டின் கீழ்ப் பாதியைத் தகடோ பச்சை வலையோ வைத்து மறைப்பது முதல் வேலை. பிறகு கேட்டிலிருந்து தள்ளி ஒரு சாக்கை விரித்து, யாரும் வராத நேரத்தில் ‘உன் இடம்’ பாடம். போய்ப் படுத்தால் துண்டு. படுத்தே இருந்தால் இன்னொரு துண்டு. அது உறுதியானதும் தண்ணீர் ஆட்டோவின் சத்தத்தையும் கேன் தரையில் இடிக்கும் சத்தத்தையும் போனில் பதிவு செய்து, நாய் காதை மட்டும் நிமிர்த்தும் அளவுக்கு மெதுவாகப் போட வேண்டும். சத்தம், உடனே துண்டு. நாளுக்கு நாள் சத்தத்தைக் கூட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் கேன் இடித்ததும் நாய் கேட்டைப் பார்க்காமல் சாக்கைப் பார்க்கும். அதன் பிறகே உண்மையான ஆளை வைத்துப் பயிற்சி. இரண்டு முறை குரைத்துத் தகவல் சொல்லிவிட்டுச் சாக்குக்குப் போவதை ஏற்றுக்கொள்ளலாம். வீட்டுக்குக் காவலும் வேண்டுமே.

இரவுக் குரைப்பில் வீட்டு நாயின் நேரத்தைக் குறித்துவைத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாம் ஷிஃப்ட் விட்டு வரும் பஸ், வேன் நேரத்தோடு ஒத்துப்போகும். அந்த நேரத்தில் தெருப்பக்க வராண்டாவில் இல்லாமல் உள்ளறையில் படுக்க வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இழுத்தலும் துரத்தலும்

கயிறு விறைத்ததும் நின்றுவிட வேண்டும். தளர்ந்ததும் நடக்க வேண்டும். இழுத்தால் நகராது, தளர்த்தினால் நகரும் என்று நாய் புரிந்துகொள்ளும்வரை முதல் வாரத்தில் தெருமுனையைத் தாண்ட முடியாது. கழுத்தை நெரிக்கும் சங்கிலிக்குப் பதில் மார்பைச் சுற்றும் ஹார்னஸ் நல்லது. கோடையில் தார்ச்சாலையில் புறங்கையைச் சில நொடி வைத்துப் பார்த்து, தாங்காவிட்டால் நடக்க வைக்கக் கூடாது.

வண்டி துரத்தும் பழக்கத்தைச் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் வைத்துத் திருத்த முடியாது. வண்டி தெரிய வேண்டும், ஆனால் நாய் பாயத் தோன்றாத தூரத்தில் நிற்க வேண்டும். அது ஐம்பது அடியாகவும் இருக்கலாம், இருநூறு அடியாகவும் இருக்கலாம். வண்டியைப் பார்த்தது, துண்டு. ஆளைத் திரும்பிப் பார்த்தது, இரண்டு துண்டு. தூரத்தை வாரக்கணக்கில் குறைக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்கு ஓடுவதைத் துரத்துவது பிறவிக் குணம் என்பதால் சாலையோரத்தில் கயிற்றை எப்போதும் அவிழ்க்கக் கூடாது. தெரு நாய்கள் சூழ்ந்தால் ஓடாமல், ஒரு கைப்பிடித் தீனியைத் தூரமாக வீசிவிட்டு மெல்ல விலக வேண்டும்.

சத்தமும் தனிமையும்

மனிதக் காது கேட்கும் உச்ச அலைவெண் ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ். நாய்க்கு 45 வரை. தீபாவளிக்குத் தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று 2018 முதல் நேரம் வகுத்திருப்பதால் ஓரளவு திட்டமிட முடியும். பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலில் ஆடி தொடங்கி வாரக்கணக்கில் நடக்கும் திருவிழாவுக்கும், தெருவில் வரும் சாவு ஊர்வல வெடிக்கும், வடகிழக்குப் பருவமழை இடிக்கும் அப்படி நேரம் கிடையாது. நாய்க்கு நிரந்தரமாக ஓர் ஒதுங்கிடம் வேண்டும்: ஜன்னல் மூடிய உள்ளறை, ஃபேன், டிவி, பழைய போர்வை. தானாக ஒதுங்கினால் இழுக்கக் கூடாது. பயந்த நாயை அணைத்துக்கொண்டால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை; அணைத்துக்கொள்ளலாம். கண்ணாடிக் கதவில் மோதும் அளவுக்குப் பயந்தால் மருத்துவர் எழுதித் தரும் மருந்து வேண்டும். மனிதருக்கான மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது.

தனியே விட்டால் கதவைப் பிறாண்டி எச்சில் ஒழுக ஊளையிடும் நாய்க்கு அடையாள அட்டை, டிபன் பை, ஹெல்மெட் மூன்றும் பிரிவின் அறிகுறி. வெளியே போகாத நேரத்திலும் அவற்றை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தால் அவற்றின் அர்த்தம் மங்கும். பிறகு கதவுக்கு வெளியே ஐந்து நொடி, அரை நிமிடம், இரண்டு நிமிடம் என்று கூட்டிப் பழக்க வேண்டும். இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் நாயை நீண்ட நேரம் தனியே விடாமல் பக்கத்து வீட்டிலோ உறவினரிடமோ விட வேண்டும்.

உறுமலும் கடியும்

உறுமல் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை நாய் எச்சரிக்காமல் கடிக்கும். தட்டருகே உறுமும் நாயின் தட்டை எடுத்துக்காட்டி அதிகாரம் செய்வது உறுமலை உறுதி செய்யும். அது அசையாத தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை வீசிவிட்டு நகர வேண்டும். ஆள் வந்தால் நல்லது வரும் என்ற எண்ணம் ஊறிய பிறகே நெருங்க வேண்டும். இந்தப் பயிற்சியைக் குழந்தைகளிடம் விடக் கூடாது. நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குழந்தை அருகில் போகக் கூடாது என்பது பயிற்சி முடிந்த வீட்டுக்கும் பொருந்தும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வீட்டு நாயாகவே இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிடங்கிலும் யார்டிலும் காவலுக்குக் குட்டைச் சங்கிலியில் நாள் முழுதும் கட்டிக் கிடக்கும் நாய், கண்டவரையெல்லாம் கடிக்கப் பாயும். அதை நல்ல காவல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். திருடனையும் சம்பளத்துக்கு வரும் ஆளையும் பிரித்துப் பார்க்காத நாயால் காவல் இல்லை. நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டுவதும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்.

வீட்டுப் பயிற்சியின் எல்லை

தாவல், இழுத்தல், கேட் குரைப்பு ஆகியவற்றில் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றினால் சில வாரங்களில் மாற்றம் தெரியும். பயத்துக்கும் தனிமைக்கும் மாதங்கள் ஆகும். தோல் கிழியக் கடித்த நாய், வீட்டார் கையைக் கடித்த நாய், குழந்தை உள்ள வீட்டில் உறுமும் நாய் ஆகியவற்றைக் கால்நடை மருத்துவரும் அனுபவமுள்ள பயிற்சியாளரும் சேர்ந்து பார்க்க வேண்டும்; அதுவரை வாய்க்கூடு பழக்கித் தனி இடத்தில் வைக்க வேண்டும். பயிற்சியாளரிடம் போகும்போது, தொல்லை எத்தனை மணிக்கு நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, அதன் பின் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு வாரக் குறிப்பைக் கொண்டுபோனால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். குறிப்பில் அந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பதையும் எழுத வேண்டும்.